வாவா கரைஞ்சு போயிடுவானா?

"கரையல்லே, கரையல்லே" என்று அந்த நர்ஸ் சேச்சி தொட்டிலின் மேல் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவள் என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வாவா கரைஞ்சு போயிடுவானா?"

மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. "அழாதே" என்றுதான் சேச்சி சொன்னார். என் மகளுக்குத் தெரிந்த கரைவது வேறு. காப்பியில் சர்க்கரை கரையும். மழை பெய்தால் வாசல் கோலம் கரையும். நாலு வயது முடியாத பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? நான் சிரித்துவிட்டு, "அழாதேன்னு சொல்றாங்கடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, தம்பி முழுசாக இருக்கிறானா என்று கால்வரை பார்த்துக்கொண்டாள்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில் இருந்து கொஞ்சம் உள்ளே. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் காட்டிலும் டீக்கடையிலும் தமிழ். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், கல்யாணப் பத்திரிகை தமிழில் இருக்கும். கிழக்கே வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. என் பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். மூத்தவள் அங்கேதான் பிறந்தாள். இரண்டாவதற்கு நான் போகவில்லை. 2022 ஜூலையில் இங்கேயே பெற்றுக்கொண்டேன். "வாவா" என்ற பெயரும் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டதுதான். மலையாளத்தில் கைக்குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேறு பெயர் வைத்து ஆதாரும் எடுத்தாயிற்று, இன்னமும் அவன் வாவாதான்.

பிறந்த மறுநாள் வலது கையிலும் காலிலும் ஆக்ஸிமீட்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். 95க்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் அளவு 90, 91 என்று நின்றது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. ஃபாலோ என்பது 1888இல் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர். நாலு கோளாறு ஒன்றாகச் சேர்ந்து வருவது. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே பெரிய ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். மகாதமனி கொஞ்சம் நகர்ந்து அந்த ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். குறுகலான வழியில் தள்ளித் தள்ளி வலது அறையின் சுவர் தடித்துப்போகும். பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும், நாம் மட்டும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

கேரளத்தில் இதற்கென்று 2017 முதல் ஹ்ருத்யம் என்று ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. குழந்தையின் பெயரைப் பதிந்துவிட்டால், எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்து அறுவை சிகிச்சைக்கு இடம் ஒதுக்குவார்கள். பதிந்தோம். வாவா கொஞ்சம் எடை ஏறட்டும், சில மாதம் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை வீடு. கிளம்பும்போது ஒரு டாக்டர் சொன்னது ஒன்றுதான் என் மண்டைக்குள் நின்றது.

"ரொம்ப அழ விடாதீங்க."

அழ விடாதே. கைக்குழந்தையை. அதுவும் எங்கள் வீட்டில்.

மூத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கன்வாடி விட்டு வரும்போது வரப்பில் இருந்தே அன்றைய செய்திகளை வாசித்துக்கொண்டு வருவாள். யார் சிலேட்டை உடைத்தார்கள், யார் டவுசரில் ஒண்ணுக்குப் போனார்கள் எல்லாம் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். கட்டிலில் இருந்து தரைக்குக் குதித்தால் குதிப்பதற்கு ஒரு சத்தம், விழுந்ததற்கு ஒரு சத்தம். கோழிக்கு அரிசி போடும்போதுகூடப் பாட்டு. என் மாமியார், "இவ கத்தினா பனங்காய் உதிரும்" என்பார். எங்கள் பக்கம் பனை நிறைய.

முதல் தடவை செக்கப்புக்காகக் கொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் அவளையும் கூட்டிப் போனோம். திருச்சூர் போகும் வழியில் குதிரான் சுரங்கம். 2021இல் திறந்தது. அதற்கு முன்னால் அந்த மேட்டில் லாரிகள் மணிக்கணக்கில் சிக்கிக்கிடக்கும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் மலைக்குள்ளே போகலாம். கார் உள்ளே நுழைந்ததும் இவள் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "ஊஊஊ" என்று கத்தினாள். சுரங்கம் திருப்பிக் கத்தியது. டிரைவர் சிரித்தார். வாவா தூக்கத்தில் ஒரு கையை விரித்தான், மறுபடி தூங்கினான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபின் விதிகள் வந்தன. சளி பிடித்தவர்கள் கிட்டே வரக்கூடாது. தொடுவதற்கு முன் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மூத்தவளிடம் கொடுத்தேன். மூத்த பிள்ளைக்குப் பொறுப்பு கொடுங்கள், பொறாமை வராது என்று எல்லோரும் சொல்வார்களே, அதை நம்பித்தான். அவள் செக்போஸ்ட் போலீஸ் ஆனாள். என் பெரிய மாமனாரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். முதல் தடவை அவர் சோப்புப் போடவில்லை, இரண்டாவது தடவை நகத்துக்குள் மண். "கழுவினாத்தான் வாவா." எல்லோரும் சிரித்தோம். நானும் பெருமைப்பட்டேன்.

இன்று யோசித்தால் அந்தப் பெருமையில் ஒரு பொறி இருந்தது என்று தோன்றுகிறது. நாலு வயதுப் பிள்ளையிடம் "தம்பி நல்லா இருக்கறது உன் கையில" என்று சொன்னால், அவன் நன்றாக இல்லாத நாளும் அவள் கையில்தான் வந்து சேரும்.

அவளுக்கே சளி பிடித்த நாட்கள் மோசம். அங்கன்வாடியில் ஒன்று மாற்றி ஒன்றாக மூக்கு ஒழுகும். அந்த நாட்களில் அவள் பாட்டியோடு தெற்கு அறையில் படுக்க வேண்டும். கதவிடுக்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து, "எனக்கும் ஓட்டை" என்றாள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொன்னேன். அவர் பெரிய மனசோடு ஸ்டெத்தை அவள் நெஞ்சில் வைத்து, ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "மோளுடெ ஹ்ருதயம் சூப்பர்" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, ஏமாற்றத்தில்.

வாவாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். அதைக் கண்டுபிடித்தது அவள்தான். "உள்ள பூனை இருக்கு, உர்ர்னுது" என்றாள். நானும் வைத்துப் பார்த்தேன். பூனைதான். அதற்கப்புறம் கை கழுவிவிட்டுப் பூனையைக் கேட்பது தினப்படி வேலை ஆயிற்று.

அம்முச்சி, அதாவது என் அம்மா, வந்திருந்தபோது அவர் சின்ன வயதில் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். உதடும் நகமும் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்குமாம். ஓடிப்பிடித்து விளையாடுவான், நாலு எட்டு ஓடியதும் குந்த வைத்து உட்கார்ந்துவிடுவான், அப்புறம் எழுந்து ஓடுவான். "சோம்பேறின்னு கேலி பண்ணுவோம் அம்மிணி. பத்து வயசு தாண்டலை." அவனுக்கு என்ன வியாதி என்று இப்போது எனக்குத் தெரிகிறது. குந்த வைத்தால் காலில் ரத்தக்குழாய்கள் மடங்கி உடம்புப் பக்கம் எதிர்ப்பு கூடும், அதனால் கொஞ்சம் கூடுதல் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பையனின் உடம்பு அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

எங்களுக்கும் ஒரு நர்ஸ் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தார். நீலம் பாய்ந்தால் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், பதறாதீர்கள். பொம்மையில் செய்து பார்த்தேன். பொம்மையில் எல்லாம் சுலபம்.

2023 பொங்கல். காப்புக் கட்டி, வாசலில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகியிருந்தது. கணவாய்க் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்த வறட்டுக் காற்றில் உதடு வெடிக்கும், கதவு தானாக அடித்துக்கொள்ளும். அப்புச்சி, அதாவது என் அப்பா, பொள்ளாச்சியில் இருந்து வந்திருந்தார். பேத்திக்குத் தென்னை ஓலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பியிடம் ஓடினாள். அவனுக்குக் காட்டத்தான். அவன் முகத்துக்கு முன்னால் ஒரே ஊது.

அவன் தூக்கிப்போட்டு அழுதான். சாதாரண அழுகைதான் முதலில். அப்புறம் அழுகை ஆழமாகி, மூச்சு வேகமாகி, உதடு நீலமாகி, நீலம் சாம்பலாகி, கை தொங்கிவிட்டது. சத்தம் நின்றுவிட்டது. நான் முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதைச் சரியாகச் செய்தேன். கூடவே இன்னொன்றும் செய்தேன். மூத்தவளைப் பார்த்துக் கத்தினேன்.

"உன்னாலதாண்டி!"

அவள் கையில் பீப்பி இருந்தது. அப்புச்சி அதை வாங்கிக் கசக்கி மடியில் செருகிக்கொண்டார். அந்த மனிதர் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. அப்புறம் பார்க்கப் பயமாக இருந்தது.

காரில் போகும்போதே நிறம் திரும்ப ஆரம்பித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்த டாக்டர் முகத்தைச் சுளித்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். முர்முர், அதாவது நெஞ்சில் கேட்கிற அந்த உர்ர் சத்தம், ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார். நான் நல்ல செய்தி என்று நினைத்துவிட்டேன். சத்தம் குறைந்தால் ஓட்டை சின்னதாகிறது என்றுதானே தோன்றும்?

கொச்சி டாக்டர் பிறகு விளக்கினார். அந்த உர்ர் சத்தம், குறுகிய வழியில் நெருக்கியடித்துக்கொண்டு ரத்தம் நுரையீரலுக்குப் போகிற சத்தம். வலிப்பது போல அந்த வழி இறுகிக்கொள்ளும்போது ரத்தம் போவதில்லை. போகாவிட்டால் சத்தமும் இல்லை. "சத்தம் இருந்தா சமாதானமா இருங்க. சத்தம் நின்னாத்தான் பயப்படணும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். அழாத குழந்தை உலகத்தில் இல்லை. அழுகையைத் தடுப்பது உங்கள் வேலை இல்லை, நீலம் பாய்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வேலை. சில நாள் காரணமே இல்லாமல் வரும், பால் குடித்தால் வரும், காலையில் எழுந்ததும் வரும், உடம்பில் நீர் வற்றினால் வரும். பீப்பி அதில் ஒன்று, அவ்வளவுதான்.

இதை ஆறு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்து இருக்கும், தேதி இருக்கும், பால் அளவு இருக்கும். வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறதா என்று கேட்கிற கட்டம் இருக்காது.

அந்தப் பயணத்தில் மூத்தவளும் வந்திருந்தாள். குதிரான் சுரங்கம் வந்தது. இவர் முன்சீட்டில் இருந்து திரும்பி, "கண்ணு, சுரங்கம்!" என்றார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் வரும்வரை எடுக்கவில்லை. சமர்த்தாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதவே கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்தார். "பாப்பா இப்பப் பேசறதே இல்லைங்க. பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைக்கிறா. ஒண்ணுக்கு வந்தாக்கூடக் காதுல வந்து சொல்றா." அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிலில் இருந்து குதிக்கும் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆகிறது? கோழிக்கு யார் அரிசி போடுகிறார்கள்? அவள்தான். வாயைத் திறக்காமல்.

அன்று ராத்திரி அவளைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். காதுக்குள் சொன்னாள். "நான் சத்தம் போட்டா வாவா கரைஞ்சிடுவான்."

மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் கேட்கிற மாதிரி சுற்றி வளைக்காமல், "அம்மா பொய் சொல்லிட்டேன், அது உன்னால இல்லை" என்றேன். பூனையைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சத்தம் போடும் பூனைதான் நல்ல பூனை. அவள் யோசித்தாள். "அப்பப் பீப்பி ஊதலாமா?" நானும் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், "ஊதலாம்" என்று உடனே வாயில் வரவில்லை. "வெளியில ஊது" என்றேன். அவள் ஊதவில்லை. ஒரு மன்னிப்பில் சரியாகிவிடும் என்று நினைத்தது என் அவசரம். அடுத்த நாளும் குசுகுசுதான், அதற்கடுத்த வாரமும்.

இதற்குள் வாவாவுக்கு ப்ரொப்ரனலால் என்ற மருந்தை ஆரம்பித்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மாத்திரைதான். பொடித்துத் தண்ணீரில் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொன்ன அளவை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். கலக்குகிற வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலை கொடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பக்கத்தில் நின்றுகொண்டு கொடுத்தேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் கொஞ்சம் பலமாகவே சொன்னாள், "மாத்திரைதான் கரையுது." நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீலம் வந்ததால் அவசரப் பட்டியலில் மேலே ஏறினோம். மார்ச் மாதம் கூப்பிட்டார்கள். வாவாவுக்கு எட்டு மாதம், ஆறே முக்கால் கிலோ. ஊரில் வெயில் கொளுத்த ஆரம்பித்திருந்தது. மூத்தவளை அம்முச்சியிடம் விட்டுவிட்டுப் போனோம். அட்மிட் ஆன அன்றே டிரிப் ஏற்றினார்கள். குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழிகூட இல்லாமல் நர்ஸ் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். மற்றவர்களுக்கு அந்தக் குமிழி நுரையீரலில் வடிகட்டப்பட்டுவிடும். இவனுக்கு ஓட்டை வழியாக நேராக மூளைக்குப் போகலாம். அதற்கப்புறம் நான் குழாயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

தியேட்டர் வாசலில் ஆறு மணி நேரம். போனில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தேன். 1944 நவம்பரில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில்தான் இந்த நீலக் குழந்தைகளுக்கான முதல் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். நாய்களில் அந்த முறையைச் செய்து செய்து பார்த்து, அவர் பின்னால் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ். யோசனையைக் கொண்டுவந்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்தே இதயத்தைப் படித்திருக்கிறார். இதைப் படித்ததும் உள்ளங்கையில் பூனை கேட்கிற ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உடனே போன் செய்ய வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை.

ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, குறுகலைத் திறந்துவிட்டதாக டாக்டர் வெளியே வந்து சொன்னார். ஐசியூ நாட்களைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும். மூச்சுக்குழாயை எடுத்த அன்று உள்ளே போனேன். வாவா வாயைத் திறந்து அழுதான், சத்தமே வரவில்லை. எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. நர்ஸ் மானிட்டரைக் காட்டினார். 98. அந்த எண்ணை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. ட்யூப் இருந்த தொண்டை, இரண்டு நாளில் சத்தம் வரும் என்றார். நான் தூக்கக் கை நீட்டியதும், "கரையட்டே, நல்லதா" என்றார். அழட்டும், நல்லது.

அன்று ராத்திரி போனில் மூத்தவள் கேட்டாள். "வாவா கரையறானா?" அவள் இப்போது மலையாளத்தில்தான் கேட்கிறாள் என்பது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. "கரையறான். சத்தம்தான் இன்னும் வரலை" என்றேன். "வரும்" என்றாள்.

முழுசாக முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வருஷா வருஷம் எக்கோ உண்டு. குறுகலைத் திறந்ததில் வால்வு கசியும், பெரியவனானதும் அதற்கு ஒன்று செய்ய வேண்டி வரலாம். நெஞ்செலும்பு சேரும்வரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது, தலையிலும் பிட்டத்திலும் கை கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும். பூனையும் போகவில்லை, சின்னதாக இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று இவர் மூத்தவளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் சோப்புடன் வந்திருந்தாள். நெஞ்சில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், "ஜிப்பு வெச்சுட்டாங்க" என்றாள், அப்புறம் வழியெல்லாம் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். குதிரானில் கார் நுழைந்தது. இருட்டும் மஞ்சள் விளக்கும் மாறி மாறி வந்ததில் வாவா விழித்துக்கொண்டான். ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தான். பிறகு தொண்டை திறந்து, நான் அதுவரை கேட்டே இராத ஒரு குரலில் அழ ஆரம்பித்தான். சுரங்கம் அதை இரண்டாக்கித் திருப்பித் தந்தது. என் கை தன்னால் அவன் முழங்காலுக்குப் போனது. உதட்டைப் பார்த்தேன். சிவப்பு.

மூத்தவள் இரண்டு கையையும் தூக்கினாள். வாய்க்கு அல்ல, காதுக்கு.

"அம்மா, இவனைச் சும்மா இருக்கச் சொல்லும்மா!" என்று அவனுக்கு மேல் கத்தினாள். "காது வலிக்குது!"